டிக்ளேர் செய்வது சூதாட்டமா, கணக்கா? டெஸ்ட் கேப்டனின் துணிச்சல் பற்றிய எளிய விளக்கம்

ஒரு டெஸ்ட் அணி வெளிநாட்டு மண்ணில் யாரும் எதிர்பாராத வெற்றியைப் பெற்றுவிட்டால், அடுத்த நாள் பேச்சு முழுவதும் கேப்டனின் துணிச்சலைப் பற்றியே இருக்கும். அதே கேப்டன் அதே போன்ற முடிவை இன்னொரு ஆட்டத்தில் எடுத்துத் தோற்றுவிட்டால், பொறுப்பில்லாமல் ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தார் என்று அதே வாய்கள் சொல்லும். இரண்டு தீர்ப்புகளும் ஆட்டத்தின் முடிவைப் பார்த்த பிறகு சொல்லப்படுபவை. கேப்டன் முடிவெடுத்த நேரத்தில் எத்தனை ரன் கையில் இருந்தது, எத்தனை ஓவர் மீதமிருந்தது, ஆடுகளம் எப்படி நடந்துகொண்டது என்ற கேள்விகள் அவற்றில் இடம்பெறுவதே இல்லை.

2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானை இங்கிலாந்து 74 ரன் வித்தியாசத்தில் வென்றது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நான்காம் நாள் தேநீர் இடைவேளையின்போது கேப்டன் பென் ஸ்டோக்ஸ், கையில் விக்கெட்டுகள் இருக்கும்போதே தம் அணியின் பேட்டிங்கை முடித்துக்கொண்டு, அதாவது டிக்ளேர் செய்து, பாகிஸ்தான் வென்றுவிடக்கூடிய இலக்கை அதன் முன் வைத்தார். வென்றதால் அது மேதைமை என்று கொண்டாடப்பட்டது. தோற்றிருந்தால் தற்கொலை முடிவு என்று தூற்றப்பட்டிருக்கும். உண்மையில் அந்த முடிவுக்குள் இருந்தது பெரும்பாலும் கணக்குதான். கிரிக்கெட்டை அவ்வப்போது மட்டும் பார்ப்பவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

அதிக ரன் எடுத்தால் மட்டும் டெஸ்டை வெல்ல முடியாது

ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் சம அளவு ஓவர்கள் தரப்படுகின்றன. அதிக ரன் எடுத்த அணி வெல்கிறது. டெஸ்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ், அதாவது பேட்டிங் செய்ய இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஓர் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகள் விழுந்தால் அது முடிவுக்கு வரும். வெல்ல விரும்பும் அணி எதிரணியை விட அதிக ரன் எடுத்தால் போதாது. ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் எதிரணியின் இரண்டு இன்னிங்ஸையும், அதாவது இருபது விக்கெட்டுகளையும், வீழ்த்தியாக வேண்டும். அதற்கு முன் ஐந்து நாட்கள் முடிந்துவிட்டால் ஆட்டம் டிரா, அதாவது வெற்றி தோல்வியற்ற முடிவு. ஓர் அணி 500 ரன் முன்னிலையில் இருந்தாலும், கடைசி நாள் மாலை எதிரணியின் கடைசி ஜோடி களத்தில் நின்றுகொண்டிருந்தால் அந்த 500 ரன்னுக்கும் பலன் இல்லை.

ஒரு நாளைக்கு 90 ஓவர், ஐந்து நாளைக்கு 450 ஓவர் என்பது காகிதக் கணக்கு. ஓவர் என்பது ஆறு பந்துகளின் தொகுப்பு. மழை, போதிய வெளிச்சமின்மை, மெதுவான பந்துவீச்சு ஆகியவற்றால் இந்த 450 ஓவர்கள் முழுமையாகக் கிடைப்பது அரிது. ஆகவே டெஸ்டில் ரன்னைப் போலவே நேரமும் செலவாகிக்கொண்டே இருக்கிறது.

நேரக் கட்டுப்பாடு இல்லாமல் டெஸ்ட் ஆடினால் என்னவாகும் என்பதையும் வரலாறு பார்த்திருக்கிறது. 1939 மார்ச்சில் டர்பனில் தென் ஆப்பிரிக்காவும் இங்கிலாந்தும் முடிவு தெரியும் வரை ஆடுவது என்ற ஏற்பாட்டில் களமிறங்கின. மார்ச் 3 அன்று தொடங்கிய அந்த ஆட்டம் 14 வரை நீண்டது. 696 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு 654 எடுத்திருந்தபோது, ஊர் திரும்பக் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் டிராவாகக் கைவிடப்பட்டது. நேரத்துக்கு எல்லை இல்லாத அத்தகைய ஆட்டத்தில் எந்த அணிக்கும் தன் பேட்டிங்கை முன்கூட்டியே நிறுத்தக் காரணம் இருக்காது. இந்தக் கட்டுரையில் பேசப்படும் துணிச்சல் முழுவதும், ஐந்தாம் நாளோடு ஆட்டம் முடிந்துவிடும் என்ற ஒரே விதியிலிருந்து பிறந்தது.

ரன்னைக் கொடுத்து நேரத்தை வாங்குதல்

மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை எண்ணிப்பாருங்கள். வினாத்தாளில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டிலும் தனித்தனியே தேறினால்தான் வெற்றி. முதல் பகுதி நன்றாகத் தெரிந்த பாடம். எழுத எழுத மதிப்பெண் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கேயே இரண்டரை மணி நேரத்தைச் செலவிட்டவருக்கு இரண்டாம் பகுதியை முடிக்க நேரம் இருக்காது. தேறத் தெரிந்தவர், முதல் பகுதியில் இன்னும் சில மதிப்பெண்கள் கிடைக்கும் என்று தெரிந்தும் ஓரிடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போகிறார். அவர் விட்டுக்கொடுத்த மதிப்பெண், இரண்டாம் பகுதிக்கான நேரத்தின் விலை.

டெஸ்டில் முதல் பகுதி பேட்டிங், இரண்டாம் பகுதி எதிரணியின் பத்து விக்கெட்டுகளை வீழ்த்துவது. கையில் இன்னும் விக்கெட்டுகள் இருக்கும்போதே ‘எங்கள் பேட்டிங் போதும்’ என்று கேப்டன் அறிவிப்பதே டிக்ளேர். விதிகளின்படி பந்து ஆட்டத்தில் இல்லாத எந்தத் தருணத்திலும் அவர் இதை அறிவிக்கலாம். நடுவரின் அனுமதியோ எதிரணியின் சம்மதமோ தேவையில்லை. அறிவித்த பிறகு மனம் மாறித் திரும்பப் பெறவும் முடியாது. அணியில் வேறு யாருக்கும் இந்த அதிகாரம் இல்லாததால்தான், டிக்ளேர் தவறிப்போனால் பழி முழுவதும் ஒரே மனிதரின் மேல் விழுகிறது.

தேர்வோடு இந்த ஒப்புமை முடிந்துவிடுகிறது. தேர்வு எழுதுபவருக்கு எதிரே யாரும் இல்லை; டெஸ்டில் எதிரணி தன் கணக்கைத் தானும் போட்டுக்கொண்டிருக்கிறது. டிக்ளேர் செய்த அணியே தோற்கவும் கூடும்.

சுருக்கமாக: டெஸ்டை வெல்ல இருபது விக்கெட்டுகள் வேண்டும், அவற்றை வீழ்த்த நேரம் வேண்டும், அந்த நேரத்தைப் பெறத் தாம் எடுத்திருக்கக்கூடிய ரன்களைக் கேப்டன் விட்டுக்கொடுக்கிறார்.

கேப்டன் எடைபோடும் மூன்று அளவுகள்

முதல் அளவு இலக்கு, அதாவது கடைசியாக பேட்டிங் செய்யும் அணி வெல்லத் தேவையான ரன். இரண்டாவது மீதமுள்ள ஓவர்கள். மூன்றாவது, அந்த ஆடுகளத்தில் தம் பந்துவீச்சாளர்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒரு விக்கெட் வீழ்த்துவார்கள் என்ற மதிப்பீடு. முதல் இரண்டும் பலகையில் தெரியும் எண்கள். மூன்றாவது கேப்டனின் அனுபவத்திலிருந்து வருவது. பெரும்பாலான தவறுகளும் பெரும்பாலான வெற்றிகளும் அங்கேதான் உருவாகின்றன.

இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இன்னும் ஒரு மணி நேரம் பேட்டிங் செய்தால் இலக்கு உயர்ந்து தோல்விக்கான வாய்ப்பு குறையும்; கூடவே ஓவர்களும் குறைந்து வெற்றிக்கான வாய்ப்பும் சுருங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. தோல்வி அறவே சாத்தியமில்லாத இலக்கை வைத்த பிறகுதான் டிக்ளேர் செய்வேன் என்று ஒரு கேப்டன் சொன்னால், அவர் டிராவைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றே பெரும்பாலும் பொருள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. இலக்கு எட்டும் தூரத்தில் இருப்பது டிக்ளேர் செய்த அணிக்கு ஆபத்து மட்டும்தான் என்று நினைக்கிறோம். விக்கெட் எடுப்பதற்கு அதுவே உதவியாகவும் இருக்கிறது. வெல்ல வழியில்லாத மட்டையாளர் வெளியே போகும் பந்தைத் தொடமாட்டார், உயரத் தூக்கி அடிக்கமாட்டார், மட்டையைக் காலோடு சேர்த்து வைத்துத் தடுத்துக்கொண்டே இருப்பார். சமதளமான ஆடுகளத்தில் அப்படித் தடுப்பவரை வெளியேற்றுவது மிகக் கடினம். வெற்றி தெரிகிற தூரத்தில் இருந்தால் அவர் பந்தை அடிக்கப் போவார். அடிக்கப் போகிறவர் தவறு செய்வார்.

ஃபீல்டிங் அமைப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். கையில் போதிய ரன் இருக்கும் கேப்டன் தம் வீரர்களை மட்டையாளரைச் சுற்றி நெருக்கமாக, கேட்ச் பிடிக்கும் இடங்களில் நிறுத்தலாம். இரண்டு பவுண்டரி போனாலும் கவலையில்லை. இலக்கு மிகச் சிறிதாகிவிட்டால் அதே வீரர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பி ரன்னைத் தடுக்க வேண்டியிருக்கும். பிறகு விக்கெட் எங்கிருந்து விழும்? ஆகவே எட்டிவிடலாம் என்று எதிரணி நம்ப வேண்டும், ஆனால் தாக்கும் ஃபீல்டிங்கைக் கலைக்க வேண்டிய அளவுக்கு இலக்கு சிறிதாகவும் இருக்கக் கூடாது. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே டிக்ளேர் செய்யும் கலை.

ராவல்பிண்டி 2022: துணிச்சல் தொடங்கியது முதல் நாளில்

ராவல்பிண்டி ஆடுகளம் பந்துவீச்சாளர்களுக்கு எதையும் தராத சமதளம். அங்கே 2005-க்குப் பிறகு முதல்முறையாகப் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் ஆட இங்கிலாந்து வந்திருந்தது. அதற்கு முன் பாகிஸ்தானில் அது வென்ற டெஸ்ட்கள் இரண்டே: 1961-ல் லாகூர், 2000-ல் கராச்சி. டிசம்பர் மாதத்தில் அங்கே சீக்கிரம் வெளிச்சம் குறைந்துவிடும் என்பதால் ஒரு நாளில் 90 ஓவர்களும் கிடைக்காது என்பது தொடங்கும்போதே தெரிந்த செய்தி. இத்தகைய களத்தில் வழக்கமாக ஆடினால் டிராதான் இயல்பான முடிவு.

முதல் நாளில் வீசப்பட்டது 75 ஓவர். இங்கிலாந்து எடுத்தது 4 விக்கெட் இழப்புக்கு 506 ரன். டெஸ்ட் வரலாற்றில் ஆட்டத்தின் முதல் நாளிலேயே ஓர் அணி 500-ஐக் கடந்தது அதுவே முதல்முறை. ஸாக் கிராலி, பென் டக்கெட், ஆலி போப், ஹாரி புரூக் ஆகிய நால்வரும் அன்றே சதம் அடித்தனர். மறுநாள் 657 ரன்னுக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தபோது இங்கிலாந்து செலவிட்டிருந்தது 101 ஓவர் மட்டுமே.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டெஸ்டில் ஓவருக்கு மூன்று ரன்னை ஒட்டி எடுப்பது சாதாரண வேகம். ஓவருக்கு 3.3 என்று வைத்துக்கொண்டால் 657 ரன்னுக்கு ஏறக்குறைய 200 ஓவர் ஆகியிருக்கும். இங்கிலாந்து அதைப் பாதி ஓவர்களில் முடித்ததால், ஒரு முழு நாளுக்கும் மேற்பட்ட ஆட்ட நேரம் அதன் கையில் மிஞ்சியது. பாகிஸ்தான் 155 ஓவர்கள் நின்று 579 ரன் எடுத்து அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்ட பிறகும், இங்கிலாந்துக்கு ஆட்டத்தை நகர்த்த இடம் இருந்ததற்குக் காரணம் அந்த முதல் நாள் சேமிப்பே. தேநீர் இடைவேளை டிக்ளேரைப் பற்றி மட்டும் பேசுபவர்கள், அதைச் சாத்தியமாக்கிய முதல் 101 ஓவர்களை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் கருத்து.

இரண்டாம் இன்னிங்ஸிலும் அதே வேகம். 36 ஓவர்கூட நிறைவடையாத நிலையில் 7 விக்கெட்டுக்கு 264 ரன். நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் ஸ்டோக்ஸ் டிக்ளேர் செய்தார். பாகிஸ்தானுக்கு இலக்கு 343. அன்றைய மாலையும் ஐந்தாம் நாள் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 100 ஓவர். ஓவருக்கு மூன்றரை ரன்னுக்கும் குறைவு. முதல் இன்னிங்ஸில் 579 எடுத்த அணிக்கு, அதே ஆடுகளத்தில், இது எட்டும் இலக்கு.

ஸ்டோக்ஸ் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர்கள் அடித்த வேகத்தில் மேலும் 90 ரன்னாவது சேர்ந்து இலக்கு 430-ஐத் தாண்டியிருக்கும். ஓவர்கள் 85 அளவுக்குக் குறைந்திருக்கும். தேவை ஓவருக்கு ஐந்து ரன். அந்த நிலையில் பாகிஸ்தான் வெற்றியை மறந்து தடுத்து ஆடத் தொடங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். நடந்தது என்னவென்றால், நான்காம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 80 எடுத்திருந்த பாகிஸ்தான், கடைசி நாளில் மீதி 263 ரன்னைத் தேடி ஆடியது. தேநீர் இடைவேளையின்போது அதன் நிலை 5 விக்கெட்டுக்கு 257. இன்னும் 86 ரன் வேண்டும், ஐந்து விக்கெட்டுகள் கையில். அந்த நேரத்தில் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு பதினொரு ரன்னுக்குள் ஐந்து விக்கெட்டுகளும் விழுந்தன. பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்த ஆலி ராபின்சனும், நாற்பது வயதில் விளையாடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் அந்த இன்னிங்ஸில் ஆளுக்கு நான்கு விக்கெட் எடுத்தனர். ரிவர்ஸ் ஸ்விங் என்பது, ஒரு பக்கம் தேய்ந்துபோன பழைய பந்து வழக்கத்துக்கு எதிரான திசையில் காற்றில் வளைவது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னிங்ஸின் 97-ஆவது ஓவரில் நசீம் ஷாவை ஜாக் லீச் எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேற்றினார். பாகிஸ்தான் 268.

கடைசி விக்கெட் 97-ஆவது ஓவரில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். நான்காம் நாளில் கூடுதலாக பேட்டிங் செய்திருக்கக்கூடிய அந்த ஒரு மணி நேரம், ஐந்தாம் நாள் மாலையில் இங்கிலாந்திடம் இருந்திருக்காது. அவர்கள் வென்ற வித்தியாசம் 74 ரன். நேரக் கணக்கில் வித்தியாசம் சில ஓவர்கள் மட்டுமே.

இந்த வெற்றியில் பந்துவீச்சாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. லியாம் லிவிங்ஸ்டன் முழங்கால் காயத்தால் பந்துவீச முடியாமல் போனதால், இங்கிலாந்து ஒரு பந்துவீச்சாளர் குறைவாகவே ஆடியது. ஸ்டோக்ஸ் வழக்கமான ஃபீல்டிங்கை விட்டு, கால் பக்கத்தில் கேட்ச் பிடிப்பவர்களை நிறுத்தி உயரத்துக்கு எழும் குறுகிய பந்துகளை வீசச் செய்தார். நான்காம் நாள் மாலையில் பாபர் ஆசம் ஸ்டோக்ஸின் அத்தகைய பந்தில்தான் ஆட்டமிழந்தார். ஆடுகளம் உதவாதபோது விக்கெட்டுக்கு வேறு வழி தேடும் இந்த முயற்சியும் டிக்ளேரோடு சேர்ந்த ஒன்றே. இங்கிலாந்து அந்தத் தொடரை 3-0 என வென்றது. சொந்த மண்ணில் மூன்று டெஸ்ட் தொடரில் பாகிஸ்தான் அனைத்தையும் இழந்தது அதுவே முதல்முறை.

சுருக்கமாக: ராவல்பிண்டியில் வேகமான பேட்டிங் நேரத்தைச் சேமித்தது, எட்டும் இலக்கு எதிரணியை அடிக்க வைத்தது, சேமித்த நேரம் கடைசி விக்கெட்டுக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

டிக்ளேர் செய்த அணி தோற்ற ஆட்டங்கள்

இனி மறுபக்கம். வெளிநாட்டு அணிகளின் எதிர்பாராத வெற்றிகளில் சில, சொந்த மண்ணில் ஆடிய அணி டிக்ளேர் செய்ததால் பிறந்தவை.

1968-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த நான்காவது டெஸ்ட் மிகவும் புகழ்பெற்றது. தொடரின் முதல் மூன்று டெஸ்ட்களும் டிரா. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கேரி சோபர்ஸ் இரண்டாம் இன்னிங்ஸை 2 விக்கெட்டுக்கு 92 என்ற நிலையில் டிக்ளேர் செய்து, 165 நிமிடங்களில் 215 ரன் என்ற இலக்கை இங்கிலாந்துக்கு வைத்தார். அந்தக் கால வழக்கத்துக்கு அது வேகமான தேவைதான். ஆனால் ஜெஃப் பாய்காட்டும் கேப்டன் காலின் கௌட்ரியும் நிதானமாகத் துரத்த, மூன்று நிமிடங்கள் மீதமிருக்கும்போது இங்கிலாந்து 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தொடரையும் 1-0 என வென்றது. கையில் எட்டு விக்கெட்டுகள் இருக்கும்போதே அவ்வளவு சிறிய இலக்கை வைத்ததால், ரன்னைத் தடுக்கவும் விக்கெட்டைத் தேடவும் ஒரே நேரத்தில் முயலும் நெருக்கடிக்கு வெஸ்ட் இண்டீஸ் தள்ளப்பட்டது. மேலே சொன்ன இடைவெளியைச் சோபர்ஸ் தவறவிட்டார் என்று நியாயமாகவே சொல்லலாம். ஆனாலும் மூன்று டிராக்களுக்குப் பிறகு நான்காவதையும் டிராவாக்க மனமில்லாத அந்தக் கேப்டனை என்னால் முழுதாகக் குறைசொல்ல முடியவில்லை.

2017-ல் ஹெடிங்லியில் இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட் எடுத்த முடிவு வேறு வகை. 8 விக்கெட்டுக்கு 490 என்று நான்காம் நாள் மாலையில் டிக்ளேர் செய்து, வெஸ்ட் இண்டீஸுக்கு 322 ரன் இலக்கை வைத்தார். அதற்கு முந்தைய டெஸ்டில் இன்னிங்ஸ் மற்றும் 209 ரன் வித்தியாசத்தில் நொறுங்கிய அணி அது. ஷாய் ஹோப் அந்த ஆட்டத்தில் தம் இரண்டாவது சதத்தை அடிக்க, ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வெஸ்ட் இண்டீஸ் வென்றது. இங்கே இலக்கும் நேரமும் நியாயமானவை. கணக்கு சரி, விடை தவறாக வந்தது. இத்தகைய தோல்விக்குப் பிறகு கேப்டனைத் திட்டுவது பொருளற்றது.

2024 ஜனவரியில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. பகலிரவு டெஸ்ட், இளஞ்சிவப்புப் பந்து. வெஸ்ட் இண்டீஸின் 311 ரன்னுக்குப் பதிலாக ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 289 எடுத்திருந்தபோது, 22 ரன் பின்தங்கிய நிலையிலேயே கேப்டன் பாட் கம்மின்ஸ் டிக்ளேர் செய்தார். பின்தங்கியிருக்கும்போது ஏன்? இளஞ்சிவப்புப் பந்து புதிதாக இருக்கும்போது மின்விளக்கு வெளிச்சத்தில் அதிகம் வளைவதால், இரவின் அந்தச் சில ஓவர்கள் பகலின் இருபது ஓவர்களை விட மதிப்புள்ளவை என்று அவர் கணித்தார். அன்றிரவே ஒரு விக்கெட் கிடைக்கவும் செய்தது. பிறகு 216 ரன் இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியாவை, கால்விரலில் அடிபட்டிருந்த ஷமார் ஜோசப் 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து 207-ல் முடித்தார். எட்டு ரன் வித்தியாசம். ஆஸ்திரேலிய மண்ணில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் வென்றது 1997-க்குப் பிறகு அதுவே முதல்முறை. விட்டுக்கொடுத்த 22 ரன்னைத் தோற்ற எட்டு ரன்னோடு ஒப்பிட்டு உடனே தீர்ப்புச் சொல்லப்பட்டது. ஆனால் கையில் இருந்தது ஒரே ஒரு விக்கெட். அது இன்னும் எத்தனை ரன் சேர்த்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. அந்த மாலையில் கம்மின்ஸ் எடுத்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். அடுத்த நாட்களில் ஆஸ்திரேலியாவின் பேட்டிங் சரிந்ததற்கு அந்த முடிவைப் பொறுப்பாக்க முடியாது.

அதே 2024-ல் ராவல்பிண்டியிலும் ஒரு டிக்ளேர் தோல்வியில் முடிந்தது. முதல் நாளின் பெரும்பகுதி ஈரத்தால் வீணானதால், பாகிஸ்தான் கேப்டன் ஷான் மசூத் இரண்டாம் நாளில் 6 விக்கெட்டுக்கு 448 என்று முதல் இன்னிங்ஸை முடித்தார். முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் எவரும் அணியில் இல்லை. வங்கதேசம் 565 எடுத்தது. கடைசி நாளில் பாகிஸ்தான் 146-க்குச் சுருண்டது. பத்து விக்கெட் வித்தியாசத்தில் வங்கதேசம் பாகிஸ்தானை டெஸ்டில் முதன்முறையாக வென்றது. நேரத்தைச் சேமித்தார் மசூத். அதைக் கொண்டு விக்கெட் எடுக்கும் பந்துவீச்சு அவரிடம் இல்லை. மூன்று அளவுகளில் மூன்றாவதை மறந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காத்திருப்பதும் துணிச்சலாகும் நேரம்

சீக்கிரம் டிக்ளேர் செய்வதே துணிச்சல் என்ற எண்ணமும் தவறானது. 2021 ஆகஸ்ட்டில் லார்ட்ஸ் டெஸ்டின் கடைசி நாள் காலையில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 209; முன்னிலை 182 மட்டுமே. அங்கே தோல்வியின் வாடை இந்தியாவின் பக்கமே வீசியது. முகமது ஷமியும் ஜஸ்பிரித் பும்ராவும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு ஆட்டமிழக்காமல் 89 ரன் சேர்த்தனர். விராட் கோலி உணவு இடைவேளை வரை பொறுத்திருந்து, அதற்குப் பின் சில பந்துகளும் ஆட விட்டு, 298-ல் டிக்ளேர் செய்தார். இங்கிலாந்துக்கு 60 ஓவரில் 272, அதாவது ஓவருக்கு நாலரை ரன்னுக்கு மேல். அந்த ஆடுகளத்தில் அது துரத்தக்கூடிய இலக்கல்ல என்பதால், தோல்வி பயமின்றி எல்லாப் ஃபீல்டர்களையும் நெருக்கமாக நிறுத்த முடிந்தது. 51.5 ஓவரில் இங்கிலாந்து 120-க்கு ஆட்டமிழந்தது. எட்டு ஓவர்கள் மீதமிருந்தன.

ராவல்பிண்டியில் எதிரணியை அடிக்கத் தூண்டினால்தான் விக்கெட் கிடைக்கும். லார்ட்ஸில் பந்து வளைந்துகொண்டும் எகிறிக்கொண்டும் இருந்ததால் அந்தத் தூண்டில் தேவைப்படவில்லை. ஸ்டோக்ஸின் கணக்கை லார்ட்ஸில் போட்டிருந்தாலோ, கோலியின் கணக்கை ராவல்பிண்டியில் போட்டிருந்தாலோ இருவருமே வென்றிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஃபாலோ ஆன்: இதன் உடன்பிறப்பு

முதல் இன்னிங்ஸில் 200 ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கிய அணியை உடனே மீண்டும் பேட்டிங் செய்ய வைக்கும் உரிமையே ஃபாலோ ஆன். இதுவும் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிதான்; ஆனால் விலையைத் தம் பந்துவீச்சாளர்களின் உடல் கொடுக்கிறது, ஏனெனில் ஓய்வின்றித் தொடர்ந்து வீச வேண்டும். 2001-ல் கொல்கத்தாவில் 274 ரன் முன்னிலையோடு ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா இந்தியாவை ஃபாலோ ஆன் ஆட வைத்து, லக்ஷ்மண்-டிராவிட் கூட்டணியிடம் சிக்கி 171 ரன் வித்தியாசத்தில் தோற்றார். 2023-ல் வெலிங்டனில் ஸ்டோக்ஸே நியூசிலாந்தை 226 ரன் முன்னிலையோடு திரும்ப ஆட வைத்து, ஒரே ஒரு ரன்னில் தோற்றார். ஃபாலோ ஆன் ஆடிய அணி டெஸ்டை வென்றது மொத்த வரலாற்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவே. இந்த இரண்டும் அவற்றில் அடங்கும்.

டிரா ஏன் முன்பு போல் பாதுகாப்பானதல்ல

கேப்டன்கள் இப்போது முன்பை விட எளிதாக அபாயத்தை ஏற்பதற்கு மனோபாவம் மட்டும் காரணமல்ல. 2021-23 சுற்றிலிருந்து உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றிக்கு 12 புள்ளி, டிராவுக்கு 4 புள்ளி, தோல்விக்கு எதுவும் இல்லை. பெறக்கூடிய புள்ளிகளில் எத்தனை சதவீதம் பெற்றார்கள் என்பதைக் கொண்டு அணிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இரண்டு டெஸ்ட்களையும் டிரா செய்த அணிக்குக் கிடைப்பது 24-க்கு 8. ஒன்றில் வென்று மற்றொன்றில் தோற்ற அணிக்கு 24-க்கு 12. சொந்த மண்ணில் வென்றாலும் வெளிநாட்டில் வென்றாலும் புள்ளி ஒன்றே என்பதால், வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் டிராவே போதும் என்றிருந்த பழைய மனநிறைவுக்குப் புள்ளிப் பட்டியலில் பெரிய மதிப்பு இல்லை. தொடரில் 0-1 எனப் பின்தங்கிய நிலையில் கடைசி டெஸ்டை ஆடும் விருந்தினர் அணிக்கோ டிரா செய்தாலும் தொடர் போய்விடும். நான்காம் நாள் தேநீர் வேளையில் 300 ரன் முன்னிலையோடு நிற்கும் அந்த அணியின் கேப்டனிடம், இன்னும் ஐம்பது ரன் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஐம்பது ரன்னுக்காகச் செலவாகும் பன்னிரண்டு ஓவர்களை அடுத்த நாள் மாலையில் எங்கே போய்த் தேடுவது என்பதே அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியாக இருக்கும்.